ஏக விநியோகம்: பாலிலிருந்து இன்சுலின் வரை

நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டனை ஒட்டி இருக்கும் பிளெய்ன்ஸ்பரோ சின்ன ஊர்தான். 2020 கணக்கெடுப்பில் சுமார் 24 ஆயிரம் பேர். அவர்களில் ஆசிய வம்சாவளியினர் மிக அதிகம், அதிலும் இந்தியர்கள். இந்த ஊரின் ஸ்கடர்ஸ் மில் சாலையில் நோவோ நார்டிஸ்க் என்ற டென்மார்க் மருந்து கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்கள் 'ஊசி' என்று சுருக்கமாகச் சொல்லும் இன்சுலினும், இப்போது உலகமே பேசும் ஓசெம்பிக், வெகோவி ஊசிகளும் இவர்கள் சரக்கு.

2025-ல் இந்தக் கம்பெனியின் பெயர் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்டது. அந்தச் செய்திகளில் பாதி, சரக்கை யார் மூலம் விற்பது என்பதைப் பற்றியவை. மார்ச்சில் வெகோவியைத் தன் சொந்த இணைய மருந்தகம் வழியாக, கைக்காசு கொடுத்து வாங்குவோருக்கு மாதம் 499 டாலருக்கு விற்கத் தொடங்கியது. ஏப்ரல் கடைசியில் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் என்ற இணைய மருத்துவ கம்பெனியுடன் கை கோர்த்தது. போலி நகல்களை விற்கிறார்கள் என்று குற்றம் சாட்டி, இரண்டே மாதத்தில், ஜூன் 23-ஆம் தேதி, கையை உதறியது. மே 1-ஆம் தேதி சி.வி.எஸ். கேர்மார்க் தன் மருந்துப் பட்டியலில் வெகோவியை முன்னிறுத்தி, போட்டியாளரான லில்லியின் ஜெப்பவுண்டை விலக்குவதாக அறிவித்தது. நவம்பரில் அதே மருந்தை 'போவிஸ்ட்ரா' என்ற இன்னொரு பெயரில் இந்தியாவில் விற்கும் தனி உரிமை புனேயின் எம்கியூர் கம்பெனிக்குப் போனது.

ஒரே மூலக்கூறு, ஒரே வருடம், நான்கு விதமான வாசல்கள். எந்தச் சரக்கை ஒரே ஒருவர் கையில் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது? வியாபாரக் கல்லூரி மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் கேள்விதான். ஆனால் பதில் தப்பானால் மதிப்பெண் மட்டும் குறைவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பாடப்புத்தகம் சொல்வது

1923-ல் ஹார்வர்டின் மெல்வின் கோப்லண்ட், வாங்குபவரின் பழக்கத்தை வைத்துப் பொருள்களை மூன்றாகப் பிரித்தார். சோப்பு, உப்பு, தீப்பெட்டி போல யோசிக்காமல் பக்கத்துக் கடையில் வாங்குபவை ஒரு வகை. துணிமணி, நாற்காலி மேஜை போல நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டு வாங்குபவை இரண்டாவது. 'இந்தப் பெயர்தான் வேண்டும்' என்று தேடிப் போய் வாங்குபவை மூன்றாவது. பிறகு வந்த பாடநூல்கள் இதன் மேல் விநியோக முறைகளை அடுக்கின. முதல் வகையை எல்லாக் கடையிலும் வை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த சில கடைகளில் வை. மூன்றாவதை ஓர் ஊருக்கு ஒரே ஒருவரிடம் கொடு. கடைசியாகச் சொன்னதுதான் ஏக விநியோகம். நம் ஊர்க் கடைப் பலகைகளில் 'சோல் ஏஜென்ட்' என்று எழுதியிருப்பார்களே, அதுதான்.

இந்த அடுக்கு தப்பில்லை. ஆனால் பொருளின் அந்தஸ்தையும் விலையையும் மட்டுமே பார்க்கிறது. விலை உயர்ந்த கைக்கடிகாரம் மூன்றாவது வகை, சரி. இன்சுலின் எந்த வகை? வாங்குபவர் கடை கடையாக ஏறி ஒப்பிடுவதில்லை. ஆசைப்பட்டுத் தேடிப் போவதும் இல்லை. எழுதித் தருபவர் டாக்டர், பணம் கட்டுபவர் இன்ஷூரன்ஸ்காரர், குத்திக்கொள்பவர் மூன்றாவது ஆள். கோப்லண்டின் மூன்று பெட்டிகளில் எதிலும் இது அடங்காது.

ஒரே ஆளிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

தமிழ் சினிமா தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செங்கல்பட்டு ஏரியா, கோவை ஏரியா, மதுரை-ராமநாதபுரம் ஏரியா, வெளிநாட்டு உரிமைக்கு மலாயா காலத்துப் பெயரான எஃப்.எம்.எஸ். என்று பிரித்துத்தான் படத்தை விற்பார்கள். விநியோகஸ்தர் முன்பணம் கொடுக்கிறார், சுவரொட்டி ஒட்டுகிறார், தியேட்டர் பிடிக்கிறார். அதே ஏரியாவில் இன்னொருவருக்கும் அந்தப் படத்தின் பெட்டி கிடைக்கும் என்றால் யார் சுவரொட்டிக்குச் செலவு செய்வார்கள்? ஒருவர் பசை காய்ச்ச, மற்றவர் டிக்கெட் கிழிப்பார். அந்த ஓசிச் சவாரியைத் தடுப்பதுதான் ஏரியா உரிமையின் நியாயம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1977-ல் இதே நியாயத்தை ஏற்றது. சில்வேனியா என்ற டெலிவிஷன் கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் சந்தையில் ஒன்றிரண்டு சதவீதத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கண்டவர்களுக்கெல்லாம் விற்பதை நிறுத்தி, தேர்ந்தெடுத்த சில கடைக்காரர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விற்கும் உரிமை கொடுத்தது. 1965-க்குள் அதன் பங்கு சுமார் 5 சதவீதமானது. இப்படிக் கட்டுப்படுத்துவது தானாகவே சட்டவிரோதம் ஆகாது, ஒவ்வொரு வழக்கிலும் நன்மை தீமைகளை எடைபோட வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தியாவின் 2002 போட்டிச் சட்டத்தின் 3(4)-ஆவது பிரிவும் இந்த வழியில்தான் போகிறது: தனி விநியோக ஒப்பந்தம் போட்டியைக் கணிசமாகக் கெடுத்தால் மட்டுமே குற்றம்.

சில்வேனியா கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த டெலிவிஷன் பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடையில் ஆர்.சி.ஏ. இருந்தது, ஜெனித் இருந்தது. வாங்குபவருக்குப் போக்கிடம் இருந்தது. நியூ ஜெர்சியில் ஒரு காபிப் பொடியை ஒரே இறக்குமதியாளர் வைத்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. விலை ஏறினால் வேறு பொட்டலம் எடுத்துக்கொள்வோம்.

போனும் காரும்

போக்கிடம் இருக்கும் சரக்குக்கு நல்ல உதாரணம் ஐபோன். 2007 ஜூன் 29-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. இணைப்பில் மட்டும்தான் கிடைத்தது. அதுவரை போன் தயாரித்தவர்களை இணைப்புக் கம்பெனிகள் ஆட்டிவைத்தன. தன் இஷ்டப்படி போனை வடிவமைக்கும் சுதந்திரத்துக்கு விலையாக ஆப்பிள் இந்தத் தனி உரிமையைக் கொடுத்தது, ஏ.டி. அண்ட் டி.யும் புதிய குரல்செய்தி வசதிக்காகத் தன் இணைப்பில் மாற்றங்கள் செய்தது. ஆகஸ்டிலேயே நியூ ஜெர்சி கிளென் ராக்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அந்தப் பூட்டை உடைத்துக் காட்டினான். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2011 பிப்ரவரியில் வெரைசனிலும் ஐபோன் வந்தது, கதை முடிந்தது. மூன்றரை வருடம் பிடிக்காதவர்கள் வேறு போன் வைத்திருந்தார்கள். யாருக்கும் பெரிய கேடில்லை.

கார் விஷயத்தில் ஏக விநியோகத்தைச் சட்டமே கட்டிக் காக்கிறது. ஊர்க்காரர் ஒருவரைக் கோடிக்கணக்கில் முதல் போட வைத்து, வியாபாரம் சூடுபிடித்ததும் கம்பெனி பக்கத்திலேயே சொந்தக் கடை திறந்தால் அவர் கதி என்ன? இந்த நியாயமான பயத்தில் பிறந்தவை மாநிலங்களின் டீலர் சட்டங்கள். டீலரே வைத்துக்கொள்ளாத டெஸ்லா வந்ததும் அந்தச் சட்டங்கள் விழித்தன. 2014 மார்ச்சில் நியூ ஜெர்சி மோட்டார் வாகன ஆணையம் டெஸ்லாவின் நேரடிக் கடைகளுக்குத் தடை போட்டது. 2015 மார்ச்சில் ஆளுநர் கிறிஸ்டி கையெழுத்திட்ட சட்டம் நான்கு கடைகள் வரை அனுமதித்தது. வளைகுடாப் பகுதியின் பாலோ ஆல்டோவிலிருந்து 2021-ல் டெக்சாஸ் ஆஸ்டினுக்குத் தலைமையகத்தை மாற்றி, 2022-ல் அங்கே பெரிய தொழிற்சாலையும் திறந்தது டெஸ்லா. ஆனால் தயாரிப்பாளரே டீலராக இருக்கக் கூடாது என்ற டெக்சாஸ் சட்டம் அதற்காக மாறவில்லை. காட்சிக்கூடத்தில் வண்டியைப் பார்க்கலாம். வாங்குவதற்கு வலைத்தளத்துக்குப் போக வேண்டும்.

இதில் பாதுகாக்கப்படுபவர் யார்? பாதுகாக்க வேண்டிய டீலர் என்று டெஸ்லாவுக்கு ஒருவர்கூட இல்லை. ஃபோர்டு டீலரை ஃபோர்டிடமிருந்து காப்பாற்றப் பிறந்த சட்டம், ஃபோர்டு டீலரை டெஸ்லாவிடமிருந்து காப்பாற்றப் பயன்பட்டது. ஏக உரிமை எந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலை போன பிறகும் உரிமை மட்டும் தங்கிவிடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

வாங்கிய பிறகு மாட்டிக்கொள்வது

காரிலேயே இன்னொரு பொருள் இருக்கிறது, உதிரி பாகம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் சொன்ன சமாதானம் நமக்குப் பழக்கமானதுதான்: கார் சந்தையில் போட்டி இருக்கிறது, பிடிக்காவிட்டால் வேறு கார் வாங்கட்டும்.

ஆணையம் இதை ஏற்கவில்லை. காரை வாங்குமுன் நமக்குப் பத்து வழி. வாங்கிய பிறகு அந்தக் காரின் கதவுக்கு அந்தக் கம்பெனியின் கைப்பிடிதான் பொருந்தும். காருக்கு ஏக விநியோகம் பொருந்தலாம், அதே காரின் உதிரி பாகத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் செய்வது ஒரே தொழிற்சாலை, விற்பது ஒரே கடை. வித்தியாசம் வாங்குபவரின் நிலையில் இருக்கிறது.

இனி மருந்துக்கு வரலாம். அதில் நோயாளி பெரும்பாலும் கார் வாங்கியாகிவிட்ட நிலையில்தான் இருக்கிறார்.

சீட்டுக்குக் கிடைத்த பால்

பிளெய்ன்ஸ்பரோவுக்கு இந்த விஷயத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் கெட்ட பாலைக் குடித்துக் கைக்குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நூவர்க் நகர டாக்டர் ஹென்றி காய்ட் 1893-ல் ஒரு பால் பண்ணைக்காரருடன் ஒப்பந்தம் போட்டார். மாடு, தொழுவம், பால் கறக்கும் கை என எல்லாவற்றையும் டாக்டர்கள் குழு சோதிக்கும். தேறினால் 'சான்றளித்த பால்' என்று விற்கலாம். வாக்கர்-கார்டன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாஸ்டனில் 1891-ல் தொடங்கிய அதன் பால் கூடம், டாக்டர் எழுதித் தரும் சீட்டின்படி கொழுப்பும் சர்க்கரையும் அளந்து குழந்தைக்குப் பால் கலந்து கொடுத்தது. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பண்ணை பிளெய்ன்ஸ்பரோவில் 1897-ல் அமைந்தது. 1930-ல் அங்கே ஒரே சுற்றில் 50 பசுக்களைக் கறக்கும் சுழல்மேடை வந்தது. போர்டன் கம்பெனியின் விளம்பரப் பசு எல்சி 1941-ல் இறந்தபோது புதைக்கப்பட்டதும் இந்த ஊரில்தான்.

சான்றளித்த பால் நல்ல பால். அந்தக் கண்காணிப்புக்குப் பணம் செலவாயிற்று, தனி வழியாக மட்டும் விற்றதால்தான் அந்தச் செலவு கட்டுப்படியானது. ஆனால் சாதாரணப் பாலைவிட விலை அதிகம். ஏழை வீட்டுக் குழந்தைக்கு எட்டவில்லை. அதே 1893-ல் நியூயார்க்கில் நேதன் ஸ்ட்ராஸ் என்ற கடை முதலாளி வேறு வழியில் போனார். பாலைச் சூடாக்கிக் கிருமி கொன்று, ஏழைகள் வாழும் தெருக்களில் கூடாரம் போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஊரைக் காப்பாற்றியது ஸ்ட்ராஸின் வழி. எல்லாப் பாலையும் பாஸ்டரைஸ் செய்ய வேண்டும் என்று நகரங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. வாக்கர்-கார்டன் பண்ணையின் சுழல்மேடை 1971-ல் நின்றது.

காய்ட் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் தேவைப்படும் பொருளின் பாதுகாப்பை ஒரு குறுகிய வாசலுக்குள் வைத்தால், வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது கிடைக்காது. வாசலின் தரம் எவ்வளவு உயர்ந்தது என்பது அவர்களுக்கு உதவாது.

பூட்டு நியாயம், சாவி அநியாயம்

மருந்தில் ஏக விநியோகம் கட்டாயமாகத் தேவைப்படும் இடமும் இருக்கிறது. 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடமைட் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஊனமாகப் பிறக்க வைத்தது. அந்த மருந்து தொழுநோயின் ஒரு கொடுமையான சிக்கலுக்கு உதவும் என்று தெரிந்து, 1998-ல் அமெரிக்கா அனுமதித்தபோது கடும் நிபந்தனை வைத்தது. பதிவு செய்த டாக்டர்தான் எழுதலாம், பதிவு செய்த மருந்துக்கடைதான் கொடுக்கலாம், நோயாளியும் பதிவு செய்ய வேண்டும். விற்றது நியூ ஜெர்சியின் செல்ஜீன். இந்தப் பூட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு அதே பூட்டு வேறு வேலைக்கும் போனது. ஜெனரிக் மருந்து செய்ய விரும்பும் கம்பெனி, தன் மாத்திரை அசலுக்குச் சமம் என்று காட்ட அசல் மாத்திரைகள் கொஞ்சம் வாங்கிச் சோதிக்க வேண்டும். சாதாரண மருந்தென்றால் மொத்த வியாபாரியிடம் வாங்கிவிடலாம். இங்கே வெளியில் கிடைக்காதே! பாதுகாப்பைக் காரணம் காட்டி மாதிரி தர மறுக்கிறார்கள் என்று மைலான் 2014-ல் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2019-ல் செல்ஜீன் 62 மில்லியன் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. மாதிரி மறுக்கப்படும் ஜெனரிக் கம்பெனிகள் வழக்குத் தொடர அந்த ஆண்டு டிசம்பரில் தனிச் சட்டமும் வந்தது.

இன்சுலின் வந்த வழி

இன்சுலின் கதை இதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. 1922-ல் டொராண்டோவில் மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அளவாகத் தயாரிக்கத் தெரியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் டொராண்டோ பல்கலைக்கழகம் அமெரிக்காவுக்கான தனி உரிமையை எலை லில்லிக்குக் கொடுத்தது. ஓர் ஆண்டுக்கு மட்டும். அந்த ஆண்டுக்குள் லில்லியின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன் சுத்திகரிக்கும் முறையில் பெரிய முன்னேற்றம் கண்டார். கெடு முடிந்ததும் மற்ற கம்பெனிகளுக்கும் உரிமம் கிடைத்தது. பேண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் 1923 ஜனவரியில் தங்கள் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ டொராண்டோவில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் நிறுவியதுதான் நோர்டிஸ்க் ஆய்வகம். 1925-ல் அதிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியது நோவோ. 1989-ல் இரண்டும் இணைந்தன.

வேலை, கெடு, பிறகு திறந்த கதவு. ஏக உரிமையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நோவோ அமெரிக்காவுக்குள் காலூன்றியதும் ஓர் உள்ளூர் விநியோகஸ்தர் தோளில்தான். 1980-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் வேரூன்றியிருந்த ஸ்குவிப் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து இன்சுலின் விற்றது, பிறகு தனியாக நின்றது. பிரின்ஸ்டன் வட்டாரத்தில் அதன் அலுவலகம் வந்தது அப்படித்தான்.

2021-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில் நோவோவும் வால்மார்ட்டும் சேர்ந்து 'ரிலையான் நோவோலாக்' என்ற பெயரில் நவீன இன்சுலின் கொண்டுவந்தன. குப்பி 72.88 டாலர். பெயர்ப் பட்டி மட்டும் வேறான அதே நோவோலாக்கின் பட்டியல் விலை அப்போது 289 டாலருக்கு மேல். ஆனால் வால்மார்ட் குடும்பத்தில் மட்டும்தான் கிடைக்கும். பிளெய்ன்ஸ்பரோக்காரருக்குப் பிரச்சினையில்லை, ரூட் 1-ல் கொஞ்ச தூரத்தில் வால்மார்ட் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் ஐந்து பரோக்களிலும் ஒரு வால்மார்ட்கூடக் கிடையாது. கார் இல்லாத பிராங்க்ஸ் நோயாளிக்கு அந்த விலை வெறும் செய்தி.

குறைந்த விலை சாத்தியமாக ஏக விநியோகம் தேவைப்பட்டதா? 2024 ஜனவரியில் நோவோ தன் நோவோலாக் குப்பியின் பட்டியல் விலையை 75 சதவீதம் குறைத்தது. புது விலை 72.34 டாலர், எல்லா மருந்துக்கடையிலும். அரசு மருத்துவ உதவித் திட்டத்துக்குத் தர வேண்டிய தள்ளுபடியின் உச்சவரம்பு அதே மாதம் நீங்கியது; பழைய விலையில் விற்றால் கம்பெனிக்கே நஷ்டம் வரும் நிலை. சட்டம் மாறியதும், ஒரே கடையில் மட்டும் கிடைத்த விலை தேசம் முழுக்கக் கிடைத்தது. இரண்டரை வருடம் அந்த வாசல் செய்த வேலை, ஏழைக்கு ஒரு விலையும் இன்ஷூரன்ஸ்காரருக்கு ஒரு விலையும் கலக்காமல் பார்த்துக்கொண்டதுதான்.

கண்ணுக்குத் தெரியாத வாசல்

வால்மார்ட் கண்ணுக்குத் தெரியும் வாசல். பி.பி.எம். என்று அழைக்கப்படும் மருந்துத் தரகு கம்பெனிகள் தெரியாத வாசல்கள். அமெரிக்க மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதம் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்.எக்ஸ். என்ற மூன்றின் வழியே போகிறது. 'உன் மருந்தை மட்டும் பட்டியலில் வைக்கிறேன், எவ்வளவு தள்ளுபடி தருவாய்?' என்பதுதான் பேரம். பட்டியல் விலை உயர உயரத் தள்ளுபடியும் பெரிதாகும். அந்த உயர்ந்த விலையைக் கைக்காசாகக் கட்டுபவர் இன்ஷூரன்ஸ் இல்லாதவரும் கழிவுத்தொகை தீராதவரும். இன்சுலின் விலை ஏறியதில் இவர்களுக்குப் பங்குண்டு என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில் மூன்றின் மீதும் வழக்குப் போட்டது.

கேர்மார்க்கின் 2025 முடிவை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஜூலை 1 முதல் வெகோவி உள்ளே, ஜெப்பவுண்ட் வெளியே. அறிவிப்பு வந்த பத்து நாளில், மே 11-ஆம் தேதி, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. 72 வாரத்தில் ஜெப்பவுண்டின் மருந்தால் சராசரியாக 20.2 சதவீதமும், வெகோவியின் மருந்தால் 13.7 சதவீதமும் எடை குறைந்தது. விலக்கப்பட்டது எடையை அதிகம் குறைத்த மருந்து. பேரத்தால் விலை குறையும் என்பது கேர்மார்க்கின் வாதம், அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டு, அளவு படிப்படியாக ஏற்றப்பட்டு, நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் மற்றதற்கு மாற வேண்டி வந்தது. அவர் கார் வாங்கியாகிவிட்டவர்.

எல்லாத் தனி வழியும் இப்படியில்லை. எம்கியூரின் போவிஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நோவோ 2025 ஜூனில் வெகோவியை இறக்கியது. தன் ஆட்கள் போகாத ஊர்களுக்கும் டாக்டர்களுக்கும் போய்ச்சேர எம்கியூரின் விற்பனைப் படை தேவைப்பட்டது. லில்லியும் அதே ஆண்டில் சிப்லாவுடன் இதே மாதிரி ஏற்பாடு செய்துகொண்டது. இங்கே விநியோகஸ்தர் செய்யும் வேலை நிஜமானது. அசல் மூலக்கூறின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் என்ற கெடுவும் இருந்தது. அதற்குப் பின் ஜெனரிக்குகளுக்கு வழி. டொராண்டோ வைத்த கெடு போலவே, காப்புரிமைச் சட்டம் வைத்த கெடு. வெகோவியின் மாத்திரை வடிவம் 2025 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்று, 2026 ஜனவரியில் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துக்கடைகளில் விற்பனைக்கு வந்தது. குளிர்பெட்டி வேண்டாத, பயிற்சி வேண்டாத மாத்திரைக்கு ஒற்றை வாசல் எதற்கு என்று கம்பெனியே கணக்குப் போட்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஏக விநியோகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் பொருளின் விலையையும் பெருமையையும் விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தனி உரிமை பெறுபவர், அது இல்லாவிட்டால் யாரும் செய்யாத வேலை எதைச் செய்கிறார்? வாங்குபவர் வேண்டாம் என்று விலக முடியுமா? உரிமைக்குக் கெடு உண்டா? ஐபோன் மூன்றிலும் தேறுகிறது. சினிமா ஏரியா தேறுகிறது. டீலர் சட்டம் முதல் கேள்வியில் தள்ளாடுகிறது. உதிரி பாகம் இரண்டாவதில் தோற்றது. தாலிடமைட்டுக்கு நோயாளியிடம் பூட்டுப் போடலாம், போட்டியாளரிடம் போடக் கூடாது. தினமும் குத்திக்கொள்ள வேண்டிய இன்சுலினுக்கு இரண்டாவது கேள்வியின் பதில் எப்போதும் 'முடியாது' என்பதுதான். ஆகவே அதில் எந்தத் தனி வாசலும் மிகக் கடினமான கணக்குக்கு உட்பட வேண்டும்.

நடைமுறையில் சட்டம் செய்யக் கூடியது ஒன்றுண்டு. புதிதாக மருந்து தொடங்குபவருக்குப் பி.பி.எம். எந்தப் பட்டியலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஏற்கனவே ஒரு மருந்தில் நிலைத்துவிட்டவரை, டாக்டர் மாற்றச் சொல்லாமல், பட்டியல் மாறியது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றக் கூடாது. தள்ளுபடிப் பேரம் அப்போதும் நடக்கும், புதிய நோயாளிகளை வைத்து நடக்கும்.

நம்மவர்களுக்கு இது தூரத்து விவகாரம் இல்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே சர்க்கரை வருகிறது. கான்ட்ராக்ட் வேலை மாறும்போதெல்லாம் இன்ஷூரன்ஸ் மாறுகிறது, அதோடு பி.பி.எம். மாறுகிறது, பட்டியலும் மாறுகிறது. வருடக் கடைசியில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் மாதச் சந்தாவையும் கோ-பேயையும் மட்டும் ஒப்பிடுகிறோம். வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால், அந்தத் திட்டத்தின் மருந்துப் பட்டியலைத் திறந்து, அந்த ஊசியின் பெயர் இருக்கிறதா, எந்தப் படியில் இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அரை மணி நேர வேலை.